இருபத்திரண்டு தப்படி

அவித்த முட்டை அன்றைக்கும் தட்டிலிருந்து இறங்கி, மேசையைக் கடந்து, தரையில் விழுந்து, கடல் பக்கத்துச் சுவரில் முட்டி நின்றது. டோன் எவாரிஸ்தோ நாற்காலியை விட்டு அசையவில்லை. சிலோயே தீவில், கெல்கான் என்ற ஊரில், முப்பத்தொரு ஆண்டுகள் பிறப்பு இறப்புப் பதிவாளராக இருந்து ஓய்வு பெற்றவர் ஒரு முட்டையைத் துரத்திக்கொண்டு ஓடலாமா?

"அடித்தூணெல்லாம் உளுத்துப் போச்சுங்க," என்றாள் அவர் மனைவி ஒதீலியா, முட்டையை எடுத்துத் துடைத்தபடி. "ஊர்ல சொன்னா ரெண்டு நாள்ல மாத்திக் குடுத்துடுவாங்க."

"சொன்னா இல்ல. கெஞ்சினா."

அது உண்மைதான். அந்தத் தீவில் வீட்டைத் தூக்க வேண்டுமா, இழுக்க வேண்டுமா, ஊரே கூலியில்லாமல் வந்து செய்யும். அதற்கு மிங்கா என்று பெயர். ஆனால் வேண்டியவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போய், தன் வாயால் கேட்க வேண்டும். வந்தவர்களுக்கு வயிறு நிறையச் சோறு போட வேண்டும். நாளைக்கு அவர்கள் கூப்பிட்டால் போக வேண்டும்.

இந்தக் கடைசி விஷயத்தில்தான் சிக்கல். யார் கூப்பிட்டாலும் எவாரிஸ்தோ போனதில்லை. முத்திரை குத்திய கடிதம் போகும்: 'உடல்நலக் குறைவு காரணமாகக் கலந்துகொள்ள இயலாமைக்கு மனமார வருந்துகிறேன்.' நாளடைவில் அவரைக் கூப்பிடுவதை ஊர் நிறுத்தியது. கூடவே ஒதீலியாவையும் கூப்பிடவில்லை. இருபது பேர் உட்காரக்கூடிய அவள் சமையலறைக்குக் காப்பி குடிக்க ஒரு ஆள் வந்து வருஷக்கணக்காகிறது.

ஆகவே எவாரிஸ்தோ கடலுக்கு அப்பால் புயர்த்தோ மோன்ட் நகரத்திலிருந்து இஞ்சினியர் ரிக்கெல்மேயை வரவழைத்தார். இஞ்சினியர் தரையைத் தட்டினார், சுவரைத் தட்டினார், தன் நெற்றியையும் தட்டிக்கொண்டார். மரத்தூண் காலமெல்லாம் மலையேறிவிட்டது, ஒரே கான்கிரீட் தளமாகப் போட்டுவிடலாம், தளத்துக்குள்ளேயே வெந்நீர்க் குழாய் ஓடும், விறகடுப்பு தேவையில்லை, தரையே சுடும் என்றார்.

தரையே சுடும் என்பது எவாரிஸ்தோவுக்குப் பிடித்துப்போயிற்று. மேயர் வீட்டுத் தரைகூடச் சுடுவதில்லை.

ஒரே பயம் ஒதீலியாதான். அந்த இரும்பு விறகடுப்பு அவள் அப்பா வைத்தது. வீடும் அவள் அப்பா கொடுத்ததுதான். அடுப்பை மாதா கோயில் கூடத்துக்குக் கொடுத்துவிடலாம் என்று சொல்லிவிட்டு, பெரிய சண்டைக்குத் தயாராக நின்றார்.

"சரிங்க," என்றாள் ஒதீலியா.

அந்த வாரமே அடுப்பு கோயில் கூடத்துக்குப் போனது. அவள் இரண்டு பன்றிக்குட்டிகள் வாங்கினாள்.

"ரெண்டு பேருக்கு எதுக்குடி ரெண்டு பன்னி?"

"குளிர்காலம் வருதில்ல."

பதினோரு தாள் வரைபடம் வந்தது. வாலை மூன்று சுழி சுழிக்கும் தன் கையெழுத்தைப் பதினோரு தடவையும் குறையில்லாமல் போட்டுக் கொடுத்துவிட்டு, ஓய்வு பெற்ற அதிகாரிகள் சங்கத் தேர்தலுக்காக எவாரிஸ்தோ மூன்று வாரம் அங்குத் நகரத்துக்குப் போனார். அங்கே 'கையொப்பமும் பொறுப்புணர்ச்சியும்' என்ற தலைப்பில் ஒன்றேகால் மணி நேரம் பேசினார். நல்ல கைதட்டல், முடிந்ததும்.

திரும்பி வந்தபோது அஸ்திவாரம் தயாராக இருந்தது. கண்ணாடி மாதிரி தளம். ஓரத்தில் தகரக் கொட்டகைக்குள் கொதிகலன். ஒரு குறையும் சொல்ல முடியாது, அது வீட்டுக்கு முன்னால் இருபத்திரண்டு தப்படி தள்ளி, மேட்டில் இருந்தது என்பதைத் தவிர.

"வீடு இங்க இருக்குய்யா!" என்றார் எவாரிஸ்தோ.

இஞ்சினியர் ஏழாவது தாளை எடுத்து நீட்டினார். "ஐயா கையெழுத்துதானே? மேடுன்னா கடல் தண்ணி ஏறாது. உங்க ஊர்ல வீட்டை இழுத்துட்டுப் போறது சகஜம்னு நெனச்சேன்."

மூன்று சுழியும் இருந்தன. படிக்காமல் போட்டேன் என்று சொல்ல வாயெடுத்த எவாரிஸ்தோவுக்கு அங்குத் கைதட்டல் காதில் கேட்டது. "ஆமா. மேடுதான் நல்லது," என்றார்.

அடுத்த தொல்லை சூடு. புதுத் தளத்தை ஒரு மாதம் நிறுத்தாமல் மெல்லச் சூடாக்க வேண்டும், நடுவில் அணைத்தால் விரிசல் விடும் என்று சொல்லிவிட்டு இஞ்சினியர் படகேறினார். வானம் பார்த்துக் கிடந்த தளம் கதகதப்பாக ஆவி விட்டது. முதலில் ஏர்மாட்டுக்காரன் பெலார்மீனோவின் நாய் வந்து படுத்தது. பிறகு ஆடுகள். பிறகு ஈரக் கம்பளி காயப்போடப் பெண்கள். ஒதீலியா தார்ப்பாய் கட்டி, நான்கு பெஞ்சு போட்டாள். ரொட்டி மாவு அந்தச் சூட்டில் அருமையாகப் பொங்கியது. ஊரே அங்கே உட்கார்ந்து பின்னல் போட்டது.

கீழே, அடுப்பில்லாத வீட்டில், சாய்ந்த நாற்காலியில், மேல்கோட்டும் கையுறையுமாக எவாரிஸ்தோ தனியாக உட்கார்ந்து சிரிப்புச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். மழை வலுத்தால் தூண் தாங்காது. வீடு கடலுக்குள் போவதற்குள் மேட்டுக்குப் போயாக வேண்டும்.

கடிதம் எழுதினார். பதினேழு வீட்டுக்கும், முத்திரையோடு: சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு மிங்காவுக்கு ஆஜராகவும்.

வெள்ளிக்கிழமை பதினேழு பதில்கள் வந்தன. 'உடல்நலக் குறைவு காரணமாகக் கலந்துகொள்ள இயலாமைக்கு மனமார வருந்துகிறேன்.' எழுத்துப்பிழைகூட இல்லை. அசலைப் பத்திரமாக வைத்திருந்திருக்கிறார்கள். முத்திரை இல்லாத குறைக்கு பெலார்மீனோ பாதி உருளைக்கிழங்கில் மை தொட்டுக் குத்தியிருந்தான்.

மர ஆலையிலிருந்து டிராக்டர் பிடித்தார். முன்வாசல் தாழ்வாரத்தில் சங்கிலியைக் கட்டி, எவாரிஸ்தோ கையைக் காட்ட, டிராக்டர் உறுமியது. தாழ்வாரம், கதவு, கதவில் இருந்த 'பதிவாளர்' என்ற பித்தளைப் பலகை எல்லாம் மேட்டுக்குப் போய்ச் சேர்ந்தன. வீடு போகவில்லை. ஆடுகள் சற்று நகர்ந்து தாழ்வாரத்துக்கு இடம் கொடுத்தன.

இப்போது வீட்டுக்கு முன்பக்கமும் இல்லை. மழை நேராகச் சாப்பாட்டு மேசைக்கு வந்தது. எவாரிஸ்தோ தொப்பியை எடுத்தார். நடந்தார். பெலார்மீனோ வீட்டு வாசலில் அதைக் கழற்றினார்.

"வாங்க பதிவாளர் ஐயா. உடம்பு சரியில்லாம படுத்திருக்கேன்," என்றான் பெலார்மீனோ, நின்றுகொண்டு விறகு பிளந்தபடி.

"பெலார்மீனோ... வீட்டை இழுக்கணும்."

"யாரு?"

"நீ."

"யாரு வீட்டை?"

எவாரிஸ்தோவின் வழுக்கையில் மழை வழிந்தது. "எங்க வீட்டைப்பா. வந்து கை குடு. என்னால முடியல. முப்பத்தொரு வருஷம் நான் வராததுக்கு... வந்திருக்கணும். தப்பு."

பெலார்மீனோ கோடாரியைக் கீழே வைத்தான். "இதுக்கு எதுக்குப்பா முத்திரை? உள்ள வா, நனையற. காப்பி சூடா இருக்கு."

மற்ற பதினாறு வீட்டிலும் அவரை அடுப்போரம் உட்கார வைத்து, காது சரியாகக் கேட்கவில்லை என்று இரண்டு தடவை சொல்லச் சொன்னார்கள். பதினாறு காப்பி. அன்று எவாரிஸ்தோ வீடு திரும்பியபோது கையுறை போடவில்லை.

சனிக்கிழமை எட்டு ஜோடி மாடும் அறுபது பேரும் வந்தார்கள். தூணறுத்து, வீட்டுக்கு அடியில் இரண்டு பெரிய மரங்களைச் செருகினார்கள். எவாரிஸ்தோ ஒரு பெட்டிமேல் ஏறி ஆணையிடத் தொடங்க, பெலார்மீனோ கயிற்று முனையை அவர் கையில் திணித்து இறக்கிவிட்டான். அவரும் இழுத்தார். இரண்டு தடவை சேற்றில் விழுந்தார். வீடு முனகிக்கொண்டு, ஆடிக்கொண்டு, இருபத்திரண்டு தப்படி ஏறி, தளத்தின்மேல் சமர்த்தாக உட்கார்ந்தது.

இரண்டு பன்றியும் சுட்ட கற்கள் நிரப்பிய குழியில் வெந்தன. கோயில் கூடத்திலிருந்து நான்கு பேர் இரும்பு அடுப்பைத் தூக்கி வந்து பழைய இடத்திலேயே வைத்தார்கள். வேண்டாமென்று எவாரிஸ்தோ சொல்லவில்லை. சமையலறையில் உட்கார இடமில்லாமல் ஆட்கள் நின்றுகொண்டு தின்றார்கள். ஒதீலியாவின் முகம் அடுப்பைவிடச் சிவந்திருந்தது. எவாரிஸ்தோ மேசையில் ஒரு முட்டையை வைத்தார். அது அசையவில்லை. ஊரே கைதட்டியது.

கணக்கு முடிக்க வந்திருந்த இஞ்சினியரின் தோளில், ஆப்பிள் கள் தந்த பெருந்தன்மையோடு, எவாரிஸ்தோ கை போட்டார். "போவுது விடுய்யா. இடத்தைத் தப்பா அளந்துட்ட. நான் மன்னிச்சுட்டேன்."

"நான் சரியாத்தான் அளந்தேன் ஐயா," என்றார் இஞ்சினியர், எலும்பைக் கடித்தபடி. "முதல்ல வீட்டுக்கு அடியிலதான் வரைஞ்சேன், வீட்டுக்காரம்மாதான் இருபத்திரெண்டு தப்படி தள்ளி வரையச் சொல்லி, 'அவரு எதையும் படிச்சுப் பாத்துக் கையெழுத்துப் போட்டதே இல்ல, பயப்படாதீங்க'ன்னாங்க."