கறுப்புக் கையைக் கண்டு கரையில் நின்றவர்

வீடியோ டெக் வந்த பிறகு நம் பக்கத்தில் முளைத்திருக்கும் ஒரு மனித இனத்தை இங்கே அறிமுகப்படுத்துகிறேன். பழைய வெள்ளைக்காரப் பேய்ப்படம், கொலைப்படம் என்றால் இவர்களுக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். பாட்டு இருக்காது. பேசுவது ஒரு சொல் புரியாது. அதனால்தானோ என்னவோ, இவர்களுக்கு எல்லாமே புரிந்துவிடுகிறது.

பழவேற்காட்டில் மீரான் பாய் வீட்டுக் கூடத்துக்கு ஞாயிற்றுக்கிழமை மதியம் போய்ப் பாருங்கள். ஜன்னலுக்குக் கோணி கட்டி இருட்டாக்கியிருப்பார்கள். ஏரிக்கு நடுவில் இருக்கிற பசியாவரம் தீவிலிருந்து படகு தள்ளி வந்து, நெற்றி நிறைய விபூதியோடு சம்மணம் போட்டு, திரையில் கத்தி தெரிந்ததும் "தாயே" என்று கண்ணைப் பொத்திக்கொண்டு விரலிடுக்கில் ஒன்றுவிடாமல் பார்க்கிற ஒருவர் அங்கே இருப்பார். நான்தான்.

"இது இங்கிலீஷே இல்ல, இத்தாலிக்காரன் பாஷை" என்பார் நாலு ஊர் போய்வந்த அப்துல் ஹை.

"இன்னா பாஷையா இருந்தா இன்னா பாய்? அந்தத் தாடிக்காரன் பொண்ணுக்குத் தாய்மாமன். சொத்துக்காகக் கொல்றான்" என்பேன் நான்.

"தாய்மாமன்னு எப்போ சொன்னான்?"

"சொல்லணுமா? மூஞ்சியப் பாத்தா தெரியல?"

கொஞ்ச நேரத்தில் தாடிக்காரனே பிணமாகக் கிடப்பான். எங்கள் இனம் அசருமா? "நான் அப்பவே சொன்னேனே!" என்போம்.

இந்தப் படங்களிலிருந்து நாங்கள் கற்ற கல்வி இவ்வளவுதான்: கறுப்புக் கையுறை போட்டவன் கொலைகாரன். அது யாரென்று தெரியாவிட்டால், இருப்பதிலேயே சாதுவானவன், அதிகம் பேசாதவன். ஐந்தாம் வகுப்பைத் தாண்டாத எனக்கு இதுவே பெரிய படிப்பு.

படிப்பைக் கூடத்திலேயே விட்டுவிட்டு வந்திருக்கலாம். நான் ஏரிக்குக் கொண்டுவந்தேன்.

எங்கள் ஏரியில் நல்ல இடங்களில் முறை வைத்துத்தான் வலை போடுவோம். அதற்குப் பாடு என்று பெயர். மழை ஓய்ந்து, முகத்துவாரத்துப் பக்கம் இறால் இறங்குகிற காலத்தில் என் பாடு வந்தது. பொழுது சாய்வதற்குள் வலை இறக்காவிட்டால் முறை அடுத்த படகுக்குப் போய்விடும். அடுத்தது பூபதி படகு. அந்த ஒரு பாட்டை நம்பி என் மனைவி செல்வம்மாள் ஒழுகுகிற கூரைக்குப் புது ஓலை சொல்லிவைத்திருந்தாள்.

படகில் என் கூட்டாளி அவள் தம்பி அங்கமுத்து. சாது. அதிகம் பேசமாட்டான். இத்தனை வருஷமாக அதை நான் நல்ல குணம் என்றே நினைத்திருந்தேன்!

அன்று அவன் வந்தான். ஒரு கையில் கயிறு அறுக்கும் கத்தி. மறு கை மணிக்கட்டு வரை கறுப்பு. சட்டென்று முதுகுக்குப் பின்னால் மறைத்தான்.

"இன்னாடா கையில?"

"ஒண்ணும் இல்ல மாமா. ஏறு."

ஒன்றும் இல்லையாம்! நடு ஏரி, இரண்டே பேர், கூப்பிட்டால் நாரைதான் திரும்பிப் பார்க்கும். அம்மனுக்குக் கற்பூரம் ஏற்றிவிட்டு வருகிறேன் என்றேன். ஏற்றினேன். கோயிலைச் சுற்றினேன். இன்னும் சுற்றினேன். கற்பூரம் தீர்ந்ததும் வயிற்றுவலி வந்தது. குந்திக்கொண்டேன். பொழுது சாய்ந்தது. பூபதி படகு நகர்ந்தது.

"இன்னா சித்தப்பா, அம்மன் வுடலயா?" என்று கேட்டுக்கொண்டே போனான்.

செல்வம்மாள் ஓடிவந்தாள்.

"யோவ், பாட்ட வுட்டுட்டு இங்க இன்னா பண்ற?"

"அவன் கையப் பாத்தியா?" என்றேன் மெதுவாக.

"பாக்காம? கெளுத்தி முள்ளு குத்தி பூசணிக்கா மாதிரி வீங்கிக்கீது. நான்தான் என் கறுப்பு ரவிக்கையக் கிழிச்சுக் கட்டி வுட்டேன். காட்டினா மாமா மனசு தாங்காது, பாட்ட வுட்டுட்டு ஆஸ்பத்திரிக்கு இஸ்துனு போயிடும்னு மறைச்சிக்கினு வந்தான்யா!"

பின்னாலேயே வந்த அங்கமுத்து ஏரியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். அபூர்வமாக வாய் திறந்தான்.

"போவட்டும் மாமா. வயிறு இப்போ எப்டிக்கீது?"

சிரித்துக்கொண்டிருக்கிற உங்களை ஒன்று கேட்கிறேன். கத்தியும் கறுப்புக் கையுமாக அவன் வந்து "ஒண்ணும் இல்ல" என்றபோது உங்களுக்கு முள் ஞாபகம் வந்ததா, கொலை ஞாபகம் வந்ததா? சரி, அதை விடுங்கள். இன்று சாப்பிட உட்காரும்போது உங்கள் வீட்டில் யார் அதிகம் பேசாமல் இருக்கிறார்கள் என்று ஓரக்கண்ணால் பார்க்கத் தோன்றும். பார்த்துவிடாதீர்கள். பார்த்தால், நீங்களும் எங்கள் ஆள்.