இல்லாத வீட்டுக்கு வெள்ளிக்கிழமை முறை

தாம்பரே
பிப்ரவரி 10, செவ்வாய்க்கிழமை

பெருமதிப்பிற்குரிய மைத்துனர் இல்போ கார்வினென் அவர்களின் சமூகத்துக்கு,

ஓய்வுபெற்ற லிஃப்ட் பரிசோதகர் வெய்யோ லிந்துலா எழுதிக்கொள்வது. வணக்கம். இங்கு நான் நலம். செய்னாயோக்கியில் தங்கள் நலமும் தங்கள் முழங்காலின் நலமும் அறிய ஆவல். மறுபடியும் வணக்கம். இரண்டாவது வணக்கம் எதற்கு என்று புருவத்தை உயர்த்தாதீர்கள். நான்கு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லாத இடத்தில் ஒரு வணக்கம் பற்றாது என்பது ஒரு காரணம். கடந்த மூன்று மாதமாக நான் வணக்கம் வைத்த இடத்திலெல்லாம் யாரோ கத்தரிக்கோலோடு வந்து அதை வெட்டிவிட்டுப் போனார்கள் என்பது இன்னொன்று. அது கீழே வருகிறது. போனில் சொல்லியிருக்கலாம்தான், ஆனால் என் குரல் கேட்டதும் நீங்கள் வைத்துவிடுவீர்கள். கடிதத்தை அப்படி வைக்க முடியாது, கிழிக்கத்தான் முடியும், அதற்கு முன் இரண்டு வரியாவது கண்ணில் படும்.

விஷயம் இதுதான். ஏ-13 பெயரில் எங்கள் கட்டடத்து நீராவிக் குளியலறைக்கு, அதாவது சவுனாவுக்கு, முறை பதிவதைத் தாங்கள் உடனே நிறுத்த வேண்டும். இங்கே இருப்பது பன்னிரண்டு வீடு. பதின்மூன்றாவது வீட்டைத் தங்களுக்காகக் கட்டியவள் தங்கள் அக்காள் அவுனே. செங்கல் இல்லை, சிமென்ட் இல்லை, முறை பதிவதற்காக நான் செய்து வைத்திருக்கும் இணையதளத்தில் ஒரே ஒரு வரி. வெளியாளுக்கு முறை கிடையாது என்று கட்டடச் சங்கத்தின் விதி சொன்னபோது, "என் தம்பி வெளியாளா?" என்று என் நாற்காலியில் உட்கார்ந்து அவளே ஏ-13 என்று தட்டிச் சேர்த்துவிட்டாள். இது தெரிந்தவர்கள் மூன்று பேர். அதில் ஒருத்தி இப்போது இல்லை. நான் செய்யவில்லை. மீதி யார் என்று கண்டுபிடிக்க எனக்குக் கம்ப்யூட்டர் தேவைப்படவில்லை.

நவம்பர் முதல் வெள்ளியன்று ஆரம்பித்தது. காலையில் பட்டியலைத் திறந்தால், வெள்ளி மாலை ஏழு மணி, வீடு ஏ-13, நபர்கள் மூன்று. அழித்தேன். அடுத்த வாரம் மறுபடி. பாஸ்வேர்டை மாற்றிவிட்டு அழித்தேன், மறுபடி. எழுத்தோடு போயிருந்தால் நானும் சும்மா இருந்திருப்பேன், ஆனால் ஒரு மணி நேரம் முன்னதாக அடுப்பைச் சூடாக்கச் சொல்லும் வேலையையும் அந்த இணையதளத்திடம்தானே கொடுத்து வைத்திருக்கிறேன். ஆறு மணி ஆனதும் கீழே நிலவறையில் ஆளில்லாத சவுனாவில் அடுப்பு தானாகப் பற்றிக்கொண்டு, ஆவிக்காகத் தண்ணீர் ஊற்றும் கல்லெல்லாம் கனன்று காத்துக்கொண்டிருக்கிறது. சங்கத் தலைவி சிர்க்கா, அதுதான் ஏ-4, மாடிப்படியில் வழிமறித்தார். "வெய்யோ, கடைசி முறை சவுனாவக் காக்கற குள்ளச்சாமிக்குன்னு விடறது வழக்கம்தான், எங்கம்மாவும் விடுவாங்க. ஆனா அந்தச் சாமி பேரை எழுதிவெச்சு முறை கேட்டு நான் பாத்ததில்ல. அந்த வரி போகணும், இல்லன்னா உங்க சைட்டு போகணும். மாசக் கடைசிக்குள்ள சொல்லுங்க" என்றார். முப்பத்துநாலு வருடம் லிஃப்ட் பார்த்தவன் நான். இரண்டு மாடிக்கு நடுவில் லிஃப்ட் நின்றால் அதற்குப் பேய் காரணமாக இருந்ததே இல்லை, கம்பிதான் காரணம். கம்பியைத் தேடக் கிளம்பினேன்.

நம் இணையதளம் பைதான் என்னும் கணினி மொழியில் எழுதிய ஒரு சட்டகத்தின் மேல் நிற்கிறது. அதற்கென்று ஓர் உதவி மன்றம் இருக்கிறது. யாருக்கு என்ன கோளாறு வந்தாலும் அதில் எழுதலாம், முகம் தெரியாத யாரோ சம்பளம் இல்லாமல் பதில் சொல்வார்கள். தங்கமானவர்கள், மரியாதை மட்டும் அவர்களுக்கு ஒத்துக்கொள்ளாது. 'அன்பார்ந்த பெரியோர்களே, வணக்கம், தாம்பரேயில் இன்று மைனஸ் பதினெட்டு' என்று தொடங்கியிருந்தேன். பத்தே நிமிடத்தில் கண்காணிப்பாளர் ஒருவர் பெரியோர்களையும் வணக்கத்தையும் மைனஸ் பதினெட்டையும் வெட்டிவிட்டு, 'கேள்வி மட்டும் போதும்' என்று குறிப்பு வைத்தார். திரையைப் போட்டோ எடுத்துப் போட்டேன், போட்டோ கூடாது என்றார்கள். அதில் என் மூக்குக்கண்ணாடியும் வாழைப்பழமும் தெரிந்ததாக ஒருவர் தனியாகச் சொன்னார். பிறகு எல்லாரிடமும் கேட்கும் இரண்டு கேள்விகளைக் கேட்டார்கள்: எதிர்பார்த்தது என்ன? நடந்தது என்ன? எதிர்பார்த்தது, வெள்ளிக்கிழமை காலியாக இருக்கும். நடந்தது, காலியாக இல்லை. அப்படித்தான் எழுதினேன்.

உட்ரெக்ட் ஊரிலிருந்து வூட்டர் என்று ஒரு பிள்ளை என் வழக்கை எடுத்துக்கொண்டான். "சின்னதாக்குங்க ஐயா. ஒவ்வொண்ணா எடுத்துக்கிட்டே போங்க. எதை எடுத்தா கோளாறு நிக்குதோ, அதுதான் குற்றவாளி. கடைசில கோளாறு மட்டும் தெரியற மாதிரி ஒரு துளி மிஞ்சும், அதை இங்க போடுங்க" என்றான். அந்த மன்றத்தில் இதுதான் வேதம். நகல் ஒன்றை மடிக்கணினியில் எடுத்து வைத்துக்கொண்டு, இணைய வயரைப் பிடுங்கி எறிந்துவிட்டு உட்கார்ந்தேன். துணி துவைக்கும் அறையின் முறைப்பட்டியலை எடுத்தேன், ஏ-13 இருந்தது. சிர்க்காவின் அறிவிப்புப் பலகையை எடுத்தேன், யாருக்கும் வருத்தமில்லை, ஏ-13 இருந்தது. பாஸ்வேர்டுப் பகுதி, கட்டடத்தின் படம், பன்னிரண்டு வீட்டுப் பெயர்கள், கடைசியில் பதிவுகள் எல்லாம் கிடக்கும் டேட்டாபேஸையே தூக்கினேன். மிஞ்சியது பதினோரு வரி. 'பட்டியலைக் காட்டு' என்று மட்டும் சொல்லும் வரிகள். காட்டுவதற்குப் பட்டியலே இல்லை. ஓட்டினேன். காலிப் பானையைக் கவிழ்த்தால் சோறு விழுந்த மாதிரி விழுந்தது: வெள்ளி, ஏழு மணி, ஏ-13, மூன்று பேர். வயரும் இல்லாமல் தாங்கள் இதை எப்படிச் செய்கிறீர்கள் என்பது எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை. அதற்காகத் தங்கள் மேல் உள்ள சந்தேகத்தை விட்டுவிட்டேன் என்று நினைக்க வேண்டாம்.

அந்தப் பதினோரு வரியை மன்றத்தில் போட்டேன். இப்படிப் போட்டால் வழக்கமாக வரும் பதில், "என் மெஷின்ல நல்லாத்தானே ஓடுது" என்பது. அதைக் கேட்டு அவமானப்படத் தயாராக இருந்தேன். வூட்டர் எழுதினான்: "எனக்கும் வருது." லைப்சிக்கிலிருந்து ஹைக்கே என்ற அம்மாள்: "எனக்கும். இந்த ஏ-13 யாரு?" போர்த்துகலில் ஒருவர் வரி வரியாக எடுத்துக்கொண்டே போய், வெறும் ஃபைலை ஓட்டிப் பார்த்து, அதிலும் ஏ-13 வந்ததும் மன்றத்தை விட்டே வெளியேறிவிட்டார். போன வெள்ளிக்கிழமை வூட்டர் தனியாக ஒரு செய்தி அனுப்பினான். "ஐயா, எங்க வீட்ல சவுனாவே கிடையாது. ஆனா இங்க ஆறு மணி, உங்களுக்கு ஏழு, அப்போ குளியலறைக் கண்ணாடி முழுக்க ஆவி படிஞ்சிருந்துச்சு. குழாயை யாரும் தொறக்கல. எதுக்கும் சொல்லி வெக்கிறேன். நீங்க எந்த வெர்ஷன் ஓட்டறீங்க?" நல்ல பிள்ளை, நடுக்கத்திலும் முறை தவறவில்லை.

அதே வெள்ளி, அதே ஏழு மணிக்கு, தங்களைக் கையும் களவுமாகப் பிடிப்பதற்காக சிர்க்காவைச் சாட்சியாகக் கூட்டிக்கொண்டு நான் நிலவறையில் நின்றிருந்தேன். நான்கு வருடத்தில் அந்தப் படியில் இறங்கியது அதுதான் முதல் தடவை. குளிக்கவில்லையா என்று கேட்காதீர்கள், மேலே வீட்டில் ஷவர் இருக்கிறது. கதவு உள்ளே தாழிட்டிருந்தது. உள்ளே கல்லில் தண்ணீர் விழும் சத்தம், அந்தச் சீறல், பிறகு அது மெல்ல அடங்குவது. சிர்க்கா கதவைத் தட்டி, "உள்ள யாருங்க? முறை பதிஞ்சவங்க மட்டும்தான் குளிக்கலாம்!" என்றார். "பதிஞ்சுதான் இருக்கு" என்று நான் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். தாழ் தானாக விலகியதா, சிர்க்காவின் தோள்பட்டை விலக்கியதா தெரியாது. உள்ளே ஒருவரும் இல்லை. மர வாளியில் அகப்பை இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. மேல்பலகையில் உட்காருவதற்கு மூன்று துணிகள் வரிசையாக விரித்திருந்தன. நீலக்கோடு போட்டு அவுனே தைத்தவை, இல்போ. அவற்றை நானே மூட்டை கட்டி அலமாரியில் பூட்டிவைத்து நான்கு வருடமாகிறது. ஓரத்தில் இருந்த இரண்டும் மடிப்புக் கலையாமல் காய்ந்திருந்தன. நடுவில் இருந்தது ஈரமாக இருந்தது.

"ஒண்டியா வர்ற சாமின்னு நெனச்சேன், குடும்பத்துக்கே எடம் போட்டிருக்காரே" என்று ஆரம்பித்த சிர்க்கா, என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். யாரையும் தொட்டுப் பேசாத மனுஷி என் முழங்கையைப் பிடித்து மேலே கூட்டிவந்து, காபி போட்டுக் கொடுத்துவிட்டு, அந்தத் துணியைத் துவைப்பதானால் அதற்கும் முறை பதிந்துவிட்டுத் துவைக்கச் சொல்லிப் போனார்.

சனிக்கிழமை அந்த இரண்டு கேள்விக்கும் மறுபடி பதில் எழுதினேன். எதிர்பார்த்தது: மூன்று பேர் போவோம். நடந்தது: அவள் மட்டும் போனாள். 'நிரலுக்குச் சம்பந்தமில்லை' என்று கண்காணிப்பாளர் அதை நீக்கினார். இரண்டு மணி நேரம் கழித்து என் கேள்வியையே மூடிவிட்டார்கள்: 'இது ஏற்கெனவே கேட்கப்பட்ட கேள்வி, பழைய பக்கத்தைப் பார்க்கவும்.' பழைய பக்கத்தைத் திறந்தேன். நான்கு வருடத்துக்கு முந்தைய ஒரு வெள்ளிக்கிழமை, மாலை 6:52. கேட்டவர் வெய்யோ லிந்துலா. 'மூன்று பேர் என்று பதிந்தால் ஒருவர் என்று காட்டுகிறது. எப்படிச் சரிசெய்வது?' அதன் தலைப்பிலும் ஒரு வணக்கம் வைத்திருப்பேன், வெட்டியிருப்பார்கள்.

அதைக் கேட்டது எனக்கு மறந்தே போயிருந்தது. மறக்காமல் இருந்தால் எழுந்து நடமாடியிருக்க முடியாது. அன்றைக்கு அவுனே வாளியோடு வாசற்படியில் நின்று, "வாங்க, கல்லு காஞ்சிருச்சு. இல்போவையும் இன்னும் காணோம்" என்றாள். "அஞ்சு நிமிஷம். மூணுன்னு போட்டா ஒண்ணுன்னு காட்டுது" என்றேன். "ஒண்ணோ மூணோ, வந்து உக்காந்தா சரியாப் போயிரும்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள். மன்றத்தில் பதில் ஏழு இருபதுக்கு வந்தது. ஏழு முப்பத்தொன்றுக்கு நான் சரிசெய்து, மூன்று என்று காட்டவைத்து, அந்தச் சந்தோஷத்தைச் சொல்லப் படியிறங்கினேன். மற்றது நீங்கள் அறிந்தது. அடக்கம் முடிந்து காபி குடிக்கும்போது நீங்கள் சொன்னீர்கள், "உங்க சைட்டு ஒண்ணுன்னு காட்டுச்சு அத்தான். அக்கா தனியா இருக்கணும்போல இருக்குன்னு நெனச்சேன். அதான் ரயில் ஏறல." பாதிரியார் முன்னால், கையில் லவங்கப்பட்டை ரொட்டியை வைத்துக்கொண்டு, "ஒரு போன் போட்டுக் கேக்க வாயில்லையா?" என்று கத்தியவன் நான். ஒரே நொடியில் நின்ற இதயம், பக்கத்தில் பத்துப் பேர் இருந்திருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது என்று டாக்டர் சொன்னார். வெள்ளி தவிர மற்ற நாட்களில் நான் டாக்டரை நம்புகிறேன். அந்த எண்ணில் கோளாறே இல்லை, இல்போ. அன்றைக்கு அது சரியாகத்தான் காட்டியது. சரியாக இருந்ததை உட்கார்ந்து திருத்தியவன் நான்தான்.

ஆகையால் தங்களுக்கு இதன் மூலம் தெரிவித்துக்கொள்வது: ஏ-13 விளையாட்டை இத்தோடு நிறுத்தவும். தங்களிடம் உள்ள நிலவறைச் சாவியைத் தபாலில் அனுப்பவும். இருபதாம் தேதி வெள்ளிக்கிழமை நடுப்பகலில் நகல், அசல் எல்லாவற்றையும் நானே அழித்துவிட்டு, இனி சுவரில் காகிதம் ஒட்டி முறை எழுதிக்கொள்ளும்படி சிர்க்காவிடம் சொல்லப்போகிறேன். நேரில் வரவேண்டாம். பதிலும் வேண்டாம்.

தங்களுக்கும் தங்கள் முழங்காலுக்கும் ஆண்டவன் நீண்ட ஆயுளைத் தரட்டும். பனியில் வழுக்காமல் நடக்கவும். வணக்கம், நன்றி, மறுபடியும் வணக்கம்; இந்தக் காகிதத்தில் எந்தக் கண்காணிப்பாளரும் கை வைக்க முடியாது.

இப்படிக்கு,
தங்கள் அக்காள் கணவன்,
வெய்யோ லிந்துலா

பி.கு.: உறையை ஒட்டுவதற்கு முன் ஒருமுறை படித்துப் பார்த்தேன். மன்றத்தில் போட்டால், சின்னதாக்குங்க என்பார்கள். சரி என்று உட்கார்ந்தேன். முதலில் வணக்கங்களை எடுத்தேன். உள்ளே உறுத்துவது அப்படியே இருந்தது. உன் மேல் போட்ட பழியை எடுத்தேன். அது நீ இல்லை என்று வயரைப் பிடுங்கிய அன்றைக்கே எனக்குத் தெரியும். சிர்க்காவை எடுத்தேன், உட்ரெக்டை எடுத்தேன், சாவியை அனுப்பச் சொன்னதை எடுத்தேன், அழிப்பேன் என்றதை எடுத்தேன், வரவேண்டாம் என்றதை எடுத்தேன். இதற்கு மேல் எடுக்க ஒன்றுமில்லை என்ற இடத்தில் நிற்கிறது இது:

இருபதாம் தேதி வெள்ளி, ஏழு மணி. மூன்று பேர். ஓரத்தில் இருக்கும் இரண்டு துணியும் நம்முடையவை. நான் ஆறே முக்காலுக்கே இறங்கி உட்கார்ந்திருப்பேன். வாடா மச்சான். சைட்டு ஒண்ணுன்னு காட்டினாலும் வா.