கெட்டிமேளம் கொட்டவைத்த கேசட்

தங்கள் இசையை யாருமே கேட்கவில்லை என்று புலம்பும் கலைஞர்களைக் கண்டால் எனக்குப் பொறாமையாக இருக்கும். என் இசையைக் கேட்டுவிட்டார்கள். அதுவும் தங்கை கல்யாணத்தில், சொந்தபந்தம் மொத்தமும் உட்கார்ந்து.

எண்பதுகளில் திருவனந்தபுரத்தின் சாலை பஜாரில் எங்களுக்கு இரும்புக்கடை. ஆணி நிறுத்துக் கொடுப்பதற்காக நான் பிறக்கவில்லை என்பது என் அசைக்கமுடியாத நம்பிக்கை. (வேறு எதற்குப் பிறந்தேன் என்பது இன்றுவரை தெரியவில்லை.) துபாயிலிருந்து வந்த நண்பனிடம் எலக்ட்ரானிக் கீபோர்டு வாங்கி, இரண்டு டேப்ரிக்கார்டர்களை ஒயரால் இணைத்து, என் முதல் கேசட்டைத் தயாரித்தேன். பெயர் 'பனிக்குள்ளே'. மெட்டு கிடையாது, தாளம் கிடையாது, பாடுகிறவனும் கிடையாது. பனியைப் பதிவு செய்யப் பொன்முடி மலைக்கு பஸ் ஏறினேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். (பனிக்குச் சத்தம் இல்லை என்பது அங்கே போய் நின்றபிறகுதான் உறைத்தது.) அதற்குப் பதிலாக, கோயில் தீபாராதனையில் ஒலிக்கும் சங்கையும் சேகண்டியையும் பதிந்து, வேகத்தைக் குறைத்து, கீபோர்டு ரீங்காரத்தின்மேல் மிதக்கவிட்டேன். கேட்டு நானே கண்கலங்கினேன்.

மாப்பிள்ளை வீடு திருநெல்வேலி. அவருடைய பெரியப்பா அங்கே கேசட் கம்பெனி வைத்திருந்தார். அப்பா ஒரு வழிக்கு வந்தார்.

"அவரு எடுத்துக்கிட்டா நீ உன் மியூசிக்கோட போ. இல்லைன்னா கல்யாணத்துக்கு மறுநாள் காலைல கடைச்சாவிய வாங்கிக்கிடணும். பெறவு ஒரு பேச்சு கூடாது, கேட்டியா?"

கல்யாணத்தன்று எங்கள் ஊர் மண்டபத்தில் பொண்ணும் மாப்பிள்ளையும் மணையில் உட்கார்ந்தாயிற்று. ராகுகாலம் முடியவில்லை என்று ஐயர் மந்திரத்தை இழுத்துக்கொண்டிருந்தார். பெரியப்பா முன்வரிசையில் காப்பி குடித்துக்கொண்டிருந்தார். இதைவிட நல்ல சந்தர்ப்பம் வாய்க்காது என்று மைக் செட் சசியிடம் கேசட்டைக் கொடுத்தேன். சற்றுக் கேட்டுவிட்டு, ஒயர் விட்டுப்போய் இரைகிறதோ என்று அவன் ஆம்பிளிஃபயரைத் தட்டினான்.

"அண்ணா, இது பாட்டாணோ, எர்த் போயதாணோ?"

"பாட்டுதான். சத்தத்தைக் கூட்டு."

கூட்டினான். சங்கு முழங்கியது. பின்னாலேயே சேகண்டி, டங்... டங்... என்று இழுத்துக்கொண்டு வந்தது. நான் லயித்துக் கண்ணை மூடிக்கொண்டேன்.

இந்த ஊரில் வளர்ந்த எனக்குச் சங்கும் சேகண்டியும் கோயில். திருநெல்வேலிக்காரர்களுக்கு அது சாவுவீடு, பிணத்துக்கு முன்னால் போகிற சத்தம். என் மரமண்டைக்கு அது எட்டவே இல்லை.

மண்டபத்தில் எல்லாத் தலைகளும் ஸ்பீக்கர் பக்கம் திரும்பின. மாப்பிள்ளையின் அத்தை எழுந்தாள்.

"எந்த மூதேவி கல்யாண வீட்டுல சங்கு ஊதுதான்?"

அபசகுனம் காதில் விழுந்தால் மேளத்தால் அமுக்கிவிடுவது வழக்கம். அவள் மேளக்காரர்களைப் பார்த்து விரலை ஆட்டி, "கொட்டுங்கய்யா, கெட்டிமேளம் கொட்டுங்க" என்று கத்தினாள். தவில்கள் மண்டபம் இடிய முழங்கின.

கெட்டிமேளம் கேட்டதும் தாலி கட்டு என்று மாப்பிள்ளைக்குச் சொல்லிவைத்திருந்தார்கள். சொன்னபடி கேட்கிற பிள்ளை. தாம்பாளத்தில் இருந்த தாலியை எடுத்து, நட்டநடு ராகுகாலத்தில் கட்டிவிட்டார். அட்சதை போட ஒருவர் கையிலும் அரிசி இல்லை. அம்மா தலையில் கைவைத்து அழுதாள். தங்கை நிமிர்ந்து என்னைப் பார்த்த பார்வைக்கு அம்மாவின் அழுகை எவ்வளவோ தேவலை.

அப்படியும் புத்தி வந்ததா? பந்தியில் பெரியப்பா பக்கத்தில் போய் நின்றேன்.

"கேட்டேன் தம்பி. பிரமாதம்" என்றார். எனக்கு உயிர் வந்தது. "அந்தத் தவில் யாரு? என்னா அடி. அவங்கள வச்சு ஒரு கேசட் போடலாம்னு இருக்கேன். விலாசம் கெடைக்குமா?"

விலாசத்தை நான்தான் கேட்டு வாங்கிக் கொடுத்தேன். அந்த கேசட் பல வருஷம் ஊரெல்லாம் கல்யாணங்களில் ஓடியது. சசியே போடுவான். நான் இலைமுன் உட்கார்ந்து, வயிறெரிய அதைக் கேட்டுக்கொண்டே சாப்பிட்டிருக்கிறேன்.

போன மாதம் என் மகள் கல்யாணம். மண்டப வாசலில் தங்கை புருஷன் என்னை மறித்தார்.

"மச்சான், கேசட் ஏதும் கொண்டாந்திருக்கியளா?" என்று வழக்கம்போல என் சட்டைப்பையைத் தடவிப் பார்த்தார். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

பையில் கடைச்சாவிதான் இருந்தது.