கதவில் எழுதிய முந்நூறு

ஆரியசாலைக் கடைத்தெருவில் கடவுளுக்கு அடுத்தபடி எல்லோரும் பயந்தது மார்க்கு அண்ணாச்சிக்குத்தான். பரீட்சை மாதத்தில் கடவுள் இரண்டாமிடம்.

மொத்த வியாபாரக் கடையில் எடை போடுபவர். படிப்பு நாலாம் கிளாஸ். ஆனால் பள்ளி இறுதிப் பரீட்சை எழுதும் பிள்ளைகள் காலேஜில் சேர எத்தனை மார்க்கு வேண்டும் என்று விதிப்பது அவர். வருஷா வருஷம் காலேஜ் போர்டின் முன் நின்று, கடைசியாய் இடம் கிடைத்தவரின் மார்க்கைப் பீடிக்கட்டுக் காகிதத்தில் எழுதி வருவார்.

பிள்ளையைக் கடைக்குக் கூப்பிடுவார். புத்தகத்தை நடுவில் பிரித்து, கடைக் கணக்குப்பிள்ளையை ஒரே கேள்வி கேட்கச் சொல்வார்.

"மொதப் பக்கம் எல்லாவனுக்கும் தெரியும் வே. மூட்டையில மேல நல்ல சரக்கத்தான வைப்பான்?"

பிறகு சாக்குக் கழிவு. மூட்டை எடையில் சாக்கின் எடையைக் கழிப்பதுபோல, பேப்பர் திருத்துகிறவரும் கழிப்பாராம். அதற்கு இருபது மார்க்கு கூட்டுவார். வந்த எண்ணை அந்த வீட்டுக் கதவில் சுண்ணாம்புக் கட்டியால் எழுதிவிடுவார். ஒரு வீட்டில் கல்யாணத்துக்குக் கதவுக்குப் பெயிண்ட் அடித்தார்கள். எண்ணை விட்டுவிட்டுச் சுற்றி அடித்தார்கள்.

நான் அந்தக் கடையில் பன்னிரண்டு வருஷமாய்ச் சுமை தூக்கினேன். என் மகள் பகவதிக்கும், கூடத் தூக்கும் மாடசாமியின் மகனுக்கும் ஒரே வருஷம் பரீட்சை. அவன் கதவில் நானூற்று இருபது. என் கதவில் முந்நூறு.

"பொம்பளப் பிள்ளையளுக்கு வேற காலேஜ். முந்நூறு மதி, அது போதும்" என்றார் அண்ணாச்சி.

மாடசாமி சும்மா இருப்பானா? "ஒம்ம கதவுல பாதி மழையில அழிஞ்சு போச்சோ வே?"

வயிறு எரிந்தது. விடிகாலையில் எழுந்து முந்நூறை அழித்தேன். நானூற்று முப்பது எழுதினேன்.

பகவதி பார்த்தாள். சோற்றை அப்படியே வைத்துவிட்டு மூலையில் உட்கார்ந்தாள். புத்தகத்தைத் தொடவில்லை.

மத்தியானம் அண்ணாச்சி வந்தார். "எவன்லே இது? நாலு தலகீழா நிக்கு!" துண்டால் துடைத்தார். மறுபடி முந்நூறு. அவள் சாப்பிட்டாள்.

அவளுக்கு வந்தது முந்நூற்று எழுபத்தொன்று. காலேஜில் இடம் கிடைத்தது. போர்டில் கடைசி மார்க்கு முந்நூற்று அறுபது என்றாள். கடைக்கு ஓடினேன்.

"அண்ணாச்சி, முந்நூறு போதும்னீரே?"

"போதாது. தெரியும்."

"பின்ன?"

"கேள்வி கேட்டதும் அவ கை கெடந்து நடுங்கிச்சு. நூத்தம்பது ராத்தல் மூட்டைய ஒம்ம தலையில ஏத்தும்போ நான் என்ன சொல்லுவேன்? நூத்தியிருபதும்பேன். நீரு ஓடீருவீரு. நெசத்தச் சொன்னா முட்டு மடங்கும். ஒம்ம மவதான வே அவ?"

"அப்போ இந்தப் பன்னெண்டு வருசமும்…"

"பின்னே? மாடசாமிக்குக் கூட்டிச் சொல்லணும். கொறச்சுச் சொன்னா வழியில ஒறங்கீருவான். அவன் மவனும் அப்படித்தான்."

பிறகு வந்த காலேஜ் கடிதத்தை மகள் முதலில் காட்டியது அவரிடம்தான். மறுபடி வயிறு எரிந்தது. இந்த முறை மாடசாமியைப் பார்த்து அல்ல. அவள் கை நடுங்கியதை நான் பார்த்திருக்க வேண்டும். அவர் பார்த்திருந்தார்.

அன்றுமுதல் அவர் சொல்லும் எடையை நான் நம்பியதில்லை. ஆனால் வேறு யார் கை வைத்து ஏற்றினாலும் மூட்டை எனக்குக் கனத்தது.