எஞ்சினைக் காப்பாற்ற நான் எழுதிய கடிதம்

சுரங்க நிறுவனத்தின் சாமான் கிடங்கான ஸ்டோர்ஸில் முப்பத்து நான்கு வருடம் வேலை பார்த்தவனை எந்த நல்ல காரியத்துக்கும் பக்கத்தில் சேர்க்கக் கூடாது. இதை வேறு யாராவது சொன்னால் சண்டைக்குப் போவேன். நானே சொல்வதால் நம்பலாம்.

நெய்வேலி டவுன்ஷிப்பில், ஒரு பிளாக்கின் பூங்கா மூலையில், ஒரு நீராவி எஞ்சின் நிற்கிறது. மின்நிலையம் கட்டிய காலத்தில் தளவாடங்களை இழுத்த சின்ன எஞ்சின். டீசல் வந்ததும் இதற்கு ஓய்வு கொடுத்து, ஒரு துண்டுத் தண்டவாளத்தோடு அங்கே கொண்டுவந்து நிறுத்தினார்கள். பிறகு மறந்துவிட்டார்கள். புகைபோக்கிக்குள் காக்கைக் கூடு. பித்தளை என்று சொல்லத்தக்க எதுவும் அதன் உடம்பில் மிச்சமில்லை. கொதிகலன் முழுக்கத் துரு; துருவின் மேல் காதலர்கள் கீறிய பெயர்கள். (சில ஜோடிகளுக்கு இப்போது பேரன் பேத்தி இருக்கிறார்கள். ஜோடி மாறிப்போனவர்களும் உண்டு. பெயர் சொல்ல மாட்டேன்.)

பழுது பார்த்து ஓட வைக்கலாம் என்று சிலர், பெயின்ட் மட்டும் அடிக்கலாம் என்று சிலர், எடைக்குப் போட்டுவிட்டு அந்த இடத்தில் ஊஞ்சல் வைக்கலாம் என்று சிலர். ஓய்வு பெற்றவர்களின் காலை நடையில் இதைப் பற்றிப் பேசாத நாள் கிடையாது. பேசியதோடு சரி. எஞ்சின் அதன் பாட்டுக்கு நின்றது.

பேசாமல் அதற்கு வேலை செய்தவர் ஒருவர்தான். ஜோதி. டவுன்ஷிப்பை ஒட்டிய வடக்குத்துக்காரர். எஞ்சின் ஓடிய கடைசி இரண்டு வருடம் அதில் ஃபயர்மேன், அதாவது அடுப்பில் கரி அள்ளிப் போட்டவர். அப்புறம் சுரங்கத்தில் பெல்ட் ஆபரேட்டராகப் பர்மனென்ட் ஆகி ஓய்வு பெற்றார். ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் எஞ்சினைத் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, பொரி கடலை படைத்து, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழமும் வைப்பார். (ஓடாத சக்கரத்துக்கு எலுமிச்சை எதற்கு என்று ஒருமுறை கேட்டேன். "ஓடறதுக்கா வைக்கறோம்? மருவாதிக்கு வைக்கறது சார்" என்றார்.)

நானும் குவார்ட்டர்ஸைக் காலி செய்தபின் வடக்குத்தில்தான் வீடு கட்டியிருக்கிறேன். மூன்று வருடம் முன்பு, ஐப்பசி மழை தொடங்கும் நேரம், ஜோதி என் வாசலில் வந்து நின்றார்.

"சார், பாய்லர் தகடு ஓட்ட வுழுந்துகினு இருக்குது. இன்னும் ரெண்டு மழ தாங்காது. மேல நாலு தகரம் போட்டா போதும். தகரம் எங்கூட்லயே கெடக்குது. ஞாயித்துக்கெழம நானும் எம் மச்சானும் ஏத்திடறோம். நீங்க பக்கத்துல வந்து நின்னீங்கன்னா செக்யூரிட்டிக்காரன் ஒண்ணும் கேக்க மாட்டான்."

கவனியுங்கள். நாலு தகரம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. என்னிடம் அவர் எதிர்பார்த்தது, நிற்பதை மட்டும்.

"ஜோதி, அது ஆபீஸ் சொத்து. அனுமதி இல்லாம ஒரு ஆணி அடிக்கக் கூடாது. நான் முறைப்படி எழுதறேன். தகரம் என்ன, முழு எஞ்சினையே புதுசாக்க வைக்கிறேன் பாருங்க."

உள்ளேயிருந்து என் மனைவி கமலா, "ஏங்க, அவர் தகரத்துக்குத்தானே வந்தாரு" என்றாள். அந்தக் கருத்தை நான் பரிசீலனைக்கு எடுத்துக்கொள்ளவில்லை.

நிறுவனத்துக்குக் கடிதம் போனது. மூன்று வாரத்தில் பதில் வந்தது: தாங்கள் குறிப்பிடும் எஞ்சின் எமது சொத்துப் பதிவேட்டில் இல்லை.

அறிவுள்ளவன் அந்தக் கடிதத்தைச் சட்டம் போட்டு மாட்டியிருப்பான். பதிவேட்டில் இல்லாத பொருளை யாரும் விற்க முடியாது, உடைக்க முடியாது, ஏலம் விட முடியாது. அது அங்கே நிற்பது எந்தக் காகிதத்துக்கும் தெரியாததால்தான் அந்த எஞ்சின் இத்தனை வருடம் பிழைத்துக் கிடந்தது. இது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் எனக்கு ரோஷம் வந்துவிட்டது. கண் முன்னால் நிற்கிற இரும்பை இல்லை என்று எழுதுவதா?

நான்கு மாதம் உழைத்தேன். புகைப்படங்கள், வரைபடம், எஞ்சினில் அடித்திருந்த எண்ணின் பென்சில் பிரதி, ஜோதியின் வாக்குமூலம் எல்லாம் சேர்த்து ஏழு இணைப்புகள். எட்டாவது நினைவூட்டலுக்கு அலுவலகம் பணிந்தது. எஞ்சின் சொத்துப் பதிவேட்டில் ஏற்றப்பட்டது. ஓர் அதிகாரி நேரில் வந்து மேல்நடவடிக்கை எடுப்பார் என்றும் எழுதியிருந்தார்கள். மந்தாரக்குப்பம் போய் ஒரு கிலோ மைசூர்பாகு வாங்கி வீடு வீடாகக் கொடுத்தேன்.

அதிகாரி வரும் நாளில் சாமியானா போட்டோம். முப்பது பேருக்கு நாற்காலி, வடை, டீ. ஜோதி பழைய காக்கிச் சட்டையில் வந்தார். கடைசி இரண்டு பொத்தான்கள் வயிற்றைத் தாண்டவில்லை. சக்கரங்களுக்கு எண்ணெய் போட்டு வைத்திருந்தார். நான் இருபது நிமிடம் பேசினேன். விதிமுறைகளை அறிந்தவன் நினைத்தால் எதையும் சாதிக்கலாம் என்பது என் பேச்சின் சாரம்.

அதிகாரி நிர்மலா, என் மகள் வயது. எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, கூட வந்தவருக்குத் தலையசைத்தார். அவர் ஒரு வெள்ளை பெயின்ட் டப்பாவைத் திறந்து, கொதிகலன் மேல் பெரிய வட்டம் போட்டு, உள்ளே ஓர் எண் எழுதினார்.

நான்தான் முதலில் கைதட்டினேன். எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள். நாலாவது தட்டோடு நிறுத்திவிட்டேன்.

அந்த வட்டத்தை எனக்குத் தெரியும். கால் உடைந்த நாற்காலி, பழுதான பம்பு, ஓடி ஓய்ந்த டம்பர் லாரி என்று ஆயிரம் சாமான்களுக்கு முன்னால் நின்று அதைப் போடச் சொன்னவன் நான். கழிவுச் சாமான், ஏலத்துக்குத் தயார் என்று அர்த்தம். அதற்குப் பிறகு வருவது இரும்பை வெட்டும் காஸ் கட்டர்தான். வட்டம் போட்டுத் திரும்பி வந்த பொருளை என் சர்வீஸில் பார்த்ததில்லை.

ஜோதி மெதுவாக என் பக்கம் வந்தார்.

"சார், இது அந்த வட்டந்தான?"

"ஆமா ஜோதி."

"அல்லாரும் கைதட்டிக்கினு இருக்காங்களே."

"நான்தான் ஆரம்பிச்சேன்."

நிர்மலாவைத் தனியாக அழைத்துப் போனேன். "என்னம்மா இது, நான் பழுது பார்க்கத்தானே எழுதினேன்?"

"பார்த்தேன் சார். ஆனா பதிவேட்டுல இருக்கிற எந்த மெஷினும் அஞ்சு வருஷம் ஓடலைன்னா கழிக்கணும்னு விதி இருக்கே. இது நாப்பது வருஷமா ஓடலையே."

"அப்படி ஒரு விதியா? யார் போட்டது?"

அவர் கையிலிருந்த கோப்பைத் திறந்தார். "நீங்க சார். ஸ்டோர்ஸ் நடைமுறை, பதினேழாம் பிரிவு. கடைசிப் பக்கத்துல உங்க கையெழுத்து இருக்கு. ரொம்பத் தெளிவா எழுதியிருக்கீங்க."

அதற்குள் எல்லோரும் குரூப் போட்டோவுக்கு வரிசை கட்டிவிட்டார்கள். என்னை இழுத்து வட்டத்துக்கு நேர் கீழே நிறுத்தினார்கள். இருபத்தொன்பது பேர் சிரிக்கிறார்கள். நானும் ஜோதியும் துக்கத்துக்கு வந்தவர்கள் போல் நிற்கிறோம்.

ஒரு வாரம் ஜோதி என் தெருப் பக்கமே வரவில்லை. எட்டாம் நாள் வந்தார். உட்காரவில்லை.

"கட்டர் எடுத்துகினு ஆளு வந்து பாத்துட்டுப் போயிட்டான் சார். சும்மா கெடந்தத எழுதி மாட்டி வுட்டீங்க. எழுதியே எறக்கி வுடுங்க."

அன்றைக்கே உட்கார்ந்து எழுதினேன். ஐயா, கொதிகலனைச் சுற்றி உள்ளே வைத்திருக்கும் வெப்பக்காப்பில் ஆஸ்பெஸ்டாஸ் உள்ளதா? இருந்தால் அபாயக் கழிவு. சோதிக்காமல் உடைக்கக் கூடாது. சோதிக்க வேண்டுமானால் மேல்தகட்டைக் கழற்ற வேண்டும். ஏலத்துக்குக் குறித்த பொருளிலிருந்து ஒரு திருகாணியைக்கூடக் கழற்றக் கூடாது. தயவுசெய்து தெளிவுபடுத்தவும். (கடைசி விதி பதினெட்டாம் பிரிவு. அதுவும் நான் எழுதியதே. முதல்முறையாக உபயோகப்பட்டது.)

இன்றுவரை தெளிவு பிறக்கவில்லை. கோப்பு மூடும்வரை கட்டர் வர முடியாது. ஆகவே மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு புதுச் சந்தேகத்தைக் கிளப்பி வருகிறேன். பழுது பார்க்கவும் முடியாது, தகரம் போடவும் முடியாது. கோப்பு நிலுவையில் இருக்கிறதே. மழை வருகிற அறிகுறி தெரிந்தால் ஜோதி தார்ப்பாய் கட்டுகிறார், வெயில் வந்ததும் அவிழ்க்கிறார். தார்ப்பாய் எந்தப் பிரிவிலும் வராது, நன்றாகப் பார்த்துவிட்டேன். என் சந்தேகங்கள் தீர்ந்துபோகும் நாளிலோ, நானே தீர்ந்துபோகும் நாளிலோ அந்த எஞ்சின் என்ன ஆகும் என்பதற்கு நான் விதி எதுவும் எழுதி வைக்கவில்லை. ஜோதி இப்போதெல்லாம் என் சர்க்கரை அளவை விசாரிக்கிறார். பாசம் என்று நம்ப ஆசைதான்.

வீட்டில் என் மரியாதை வட்டம் போட்ட அன்றோடு போனது. குழாய் ஒழுகுகிறது, தெருவிளக்கு எரியவில்லை என்று நான் பேனாவைத் தேடினால் கமலா பேனாவை எடுத்து ஒளித்துவிடுகிறாள். சென்னையிலிருந்து மகள் போன் செய்தால், "அம்மா, அப்பா யாருக்காவது லெட்டர் போட்டாரா?" என்பதுதான் முதல் கேள்வி.

போன மாதம் முழு உடல் பரிசோதனைக்குப் போனேன். டாக்டர் ஒரு படிவத்தை வைத்துக்கொண்டு, "உடம்புல எது எது சரியா வேலை செய்யலைன்னு ஒண்ணு விடாமச் சொல்லுங்க சார், பதிஞ்சுக்கறேன்" என்றார். நான் தொண்டையைச் சரிசெய்துகொண்டேன்.

பக்கத்து நாற்காலியிலிருந்து கமலா சொன்னாள்: "ஏங்க, அஞ்சு வருஷமா ஓடாததை மட்டும் சொல்லிடாதீங்க. வட்டம் போட்டுடுவாங்க."

டாக்டருக்கு ஒன்றும் புரியவில்லை. ஆறு வருடமாக மக்கர் செய்யும் இடது முழங்காலைப் பற்றி நான் வாயைத் திறக்கவே இல்லை.