காக்கா வெரட்டின பாட்டு

ஒரு தடவ பாடுபட்டுட்டு காலம் பூரா உக்காந்து திங்கிறவங்க ரெண்டே பேருதான். ஒண்ணு, வெயில்ல கூழ் வத்தல் போடுறவ. இன்னொண்ணு, பாட்டு ரெக்கார்டு போடுறவன். எனக்குப் படிப்பு கெடையாது, கையெழுத்துக்குப் பெருவெரல்தான். ஆனா இந்த ராயல்ட்டி விஷயத்துல எங்க வீட்டு பி.காம். எல்லாம் எங்கிட்டதான் பாடம் கேக்கணும். அந்த வரும்படிய மொட்டமாடியில கட்டித் தொங்க விட்டவளே நான்தான்.

அப்ப கல்கத்தாவுல, டாலிகஞ்சுல குடியிருந்தோம். எங்க வீட்டுக்காரருக்கு கார்டன் ரீச்சுல ரயில்வே ஆபீஸு. அவரு தம்பி கண்ணனும் எங்களோடதான். கண்ணன் தோள் வரைக்கும் முடி வளத்து, மூணு பெங்காலிப் பசங்களோட சேந்து ராக் பேண்டு வச்சிருந்தான். ஒரே ஒரு ரெக்கார்டு போட்டாங்க. (நானும் கேட்டேன். பாத்திரக்காரன் சைக்கிளோட விழுந்த மாதிரி இருந்துச்சு. இப்ப அது கேக்காம எனக்குத் தூக்கம் வராது, அது வேற கத.) அப்பறம் பேண்டு கலஞ்சு, முடியெல்லாம் வெட்டி, ஆளுக்கொரு ஆபீஸ் போயிட்டாங்க.

நாலஞ்சு வருஷம் போச்சு. ஒரு கோடையில நான் வத்தல் போட்டேன். கல்கத்தா காக்கா நம்மூரு காக்கா மாதிரி இல்ல, மீன் முள்ளு தின்னு தின்னு தைரியம் ஜாஸ்தி. சூன்னா நம்மளையே மொறைக்கும். என்ன செய்யலாம்னு தேடுனா, கட்டிலுக்கடியில ஒரு தகர டப்பா. உள்ள சக்கரத்துல சுத்தி பளபளன்னு பழுப்பு நாடா. மேல் சுத்த மட்டும் உருவி, அரிவாமணையில துண்டு துண்டா நறுக்கி, தண்ணித் தொட்டிக்கும் துணிக்கொடிக்கும் குறுக்கும் நெடுக்குமா கட்டினேன். காத்துல ஙொய்ங்குன்னு பேசுச்சு. ஒரு காக்காவும் கிட்ட வரல. என் புத்திய நானே மெச்சிக்கிட்டு, பக்கத்து வீட்டு பௌதிக்கும் (பெங்காலியில அண்ணின்னா பௌதி, அங்க எல்லாரும் பௌதிதான், நானும்) ரெண்டு துண்டு தானம் பண்ணினேன்.

அன்னிக்கு சாயங்காலமே கண்ணன் ஆபீஸுலேருந்து பறந்து வந்தான்.

"அண்ணி, எங்க பழைய ரெக்கார்ட கம்பெனி மறுபடி போடுதாம். கரியாஹாட் கடையில இன்னும் பசங்க கேக்குறாங்களாம். விக்கிற ஒவ்வொண்ணுக்கும் எங்க நாலு பேருக்கும் பங்கு. சினிமாவுல எடுத்தா அது தனி."

"திரும்பப் பாடணுமா தம்பி?"

"வேணாம் அண்ணி. பாடினது பாடினதுதான். அதே வரும்."

"அட, வத்தல் மாதிரி. ஒரு தடவ இட்டா வருஷம் பூரா பொரிக்கலாம்."

"அதேதான். கம்பெனியில இருந்த டேப்பு மழத்தண்ணியில போயிருச்சாம். இப்ப நம்மகிட்ட இருக்குறது ஒண்ணுதான். கட்டிலுக்கடியில தகர டப்பா எங்க?"

"அதுல பெருங்காயம் வச்சிருக்கேன்."

"உள்ள இருந்தது?"

நான் மேல கைய காட்டினேன். சாமிகிட்ட போயிருச்சுன்னு நெனச்சிருப்பான், மொகம் அப்படி ஆயிருச்சு.

மாடிக்குப் போயி ஒரு துண்ட விரல்ல புடிச்சுப் பாத்தான். "மேல் சுத்துல இருந்தது மொத பாட்டு அண்ணி. இதுக்காகத்தான் கேக்குறாங்க. இது இல்லன்னா ரெக்கார்டே இல்ல."

"பாட்டுன்னா தட்டுல இருக்கும். நாடாவுல இருக்கும்னு யாரு கண்டா?"

எங்க வீட்டுக்காரரு மெதுவா சொன்னாரு: "விட்ரா. காக்காவுக்காவது மனப்பாடம் ஆயிருக்கும்."

எல்லாத்தையும் அவுத்தோம். பௌதி வீட்டுல அத வச்சு அவரைக் கொடிய கட்டியிருந்தாங்க, அதையும் கெஞ்சி வாங்கினோம். மறுநாள் பக்கத்து ஸ்டூடியோவுல தத்தா பாபுன்னு ஒரு சவுண்டுக்காரரு. துண்ட வெளிச்சத்துல தூக்கிப் பாத்துட்டு எங்கிட்ட கேட்டாரு.

"பௌதி, இதுக்குக் கஞ்சி போட்டீங்களா?"

"கூழு பாபு. சீரகம் இருக்கும், பாத்துத் தொடைங்க."

தொடச்சு, ஒட்டி, ஓட விட்டாரு. பாட்டு நல்லாத்தான் போச்சு. திடீர்னு நடுவுல கிட்டாரு ரசத்த உறிஞ்சுற மாதிரி சர்ருனு பின்னாடி இழுத்துச்சு. ஒரு துண்டு தலகீழா ஒட்டிக்கிச்சு. கண்ணன் கண்ண மூடிக்கிட்டான். கேக்க வந்திருந்த கம்பெனிக்காரரும் கண்ண மூடிக்கிட்டாரு, ஆனா ரசிச்சு.

"வெளிநாட்டுல பெரிய பேண்டுங்கதான் இப்படி டேப்ப திருப்பி ஓட்டுவாங்க. பழைய ரெக்கார்டுல இது இல்லையே?"

கண்ணன் என்னப் பாத்தான். நான் பொடவத் தலப்ப இழுத்து வாய மூடிக்கிட்டேன்.

"எங்க அண்ணி யோசன சார்," அப்படின்னான்.

பொய்யா, மெய்யா, அந்த உறிஞ்சுற சத்தத்துக்குன்னே அது வித்துச்சு. அப்பறம் கேசட்டுல வந்துச்சு, பெங்காலி சினிமாவுல வந்துச்சு, பூஜைப் பந்தல்லயும் போட்டாங்க. நாலு பேருக்கும் இன்னும் செக்கு வருது. வந்த அன்னிக்கெல்லாம் கண்ணன் போன் பண்ணி ஒரே வார்த்ததான் சொல்லுவான்: "அண்ணி, எண்ணெய வையிங்க."

நானும் வைப்பேன். ஆனா மாடிக்கு வத்தல் தட்ட எடுத்துட்டுக் கெளம்பினா, பேரன் பேத்தியெல்லாம் வழிய மறிச்சு என் இடுப்பத் தடவி சோதன போட்டுத்தான் விடுதுங்க, நாடா கீடா இருக்கான்னு.