ஜன்னலோரத்து உருளைக்கிழங்கு

ஆர்ப்ரோத்,
9 மார்ச் 1983

அன்பும் மரியாதையும் (கொஞ்சம் பயமும்) கலந்த எல்ஸ்பெத் மதினிக்கு, உங்கள் தங்கை நெட்டாவின் கணவன் ஆர்ச்சி எழுதுவது. இவ்விடம் நானும் பூனையும் சௌக்கியம். அவ்விடம் உங்கள் இடுப்பெலும்பு நல்லபடியாகக் கூடிவர ஞாயிறுதோறும் தேவாலயத்தில் வேண்டிக்கொள்கிறேன். சென்ற ஞாயிறு மட்டும் பிரசங்கத்தில் தூங்கிவிட்டேன்.

உங்கள் கடிதம் கிடைத்தது. நெட்டா உங்களைப் பார்த்துக்கொள்ள இன்வெர்னஸ் வந்து ஆறு வாரம் ஆகிறது, இன்னும் ஒரு மாதம் இருக்கட்டுமா, தனியாகச் சமாளிப்பீர்களா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக இருக்கட்டும். முப்பத்தோரு வருஷம் பனியிலும் மழையிலும் பஸ் ஓட்டியவனுக்கு ஓர் அடுப்பு எம்மாத்திரம்? அத்தாட்சி வேண்டுமானால், திங்கட்கிழமை நானே கறியும் உருளைக்கிழங்கும் அடுக்கி வேகவைக்கிற ஸ்டோவிஸ் செய்தேன் என்பதைப் பணிவோடு தெரிவித்துக்கொள்கிறேன்.

ஸ்டோவிஸுக்கு ஞாயிற்றுக்கிழமை வறுத்த மாட்டுக்கறியின் மிச்சமும் அதில் வடிந்த கொழுப்பும் வேண்டும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை நான் சாப்பிட்டது டப்பா சூப். ஆகவே கசாப்புக்கடை டோரன்ஸிடம் போய் அரைப் பவுண்டு மிச்சக்கறி கேட்டேன். அவன் கத்தியைக் கீழே வைத்துவிட்டான். "மிச்சக்கறியா? யோவ் ஆர்ச்சி, மிச்சம்னா கடையில தொங்கப்போட்டு விக்கிற சாமானா? அது வீட்டுல தானா விழணும்யா!" கடையில் நின்ற நாலு பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்கு வந்த ரோஷத்தில் நேரே வீட்டுக்குப் போய் ஒரு கிண்ணத்தை எடுத்துக்கொண்டு, புது வருஷத்துக்குப் பிறகு பக்கத்து வீட்டில் குடிவந்த மிசஸ் கெடிஸின் பின்வாசலில் நின்றேன். அறுபத்தாறு வயதில் கிண்ணமும் கையுமாக நிற்கிறவனைப் பார்த்தால் யாருக்குத்தான் மனசு இளகாது? "நெட்டா எங்கண்ணே?" என்றாள். "அக்கா வீட்டுல." "எத்தனை நாளா?" "ஆறு வாரமா." "எல்லாரும் அப்படித்தாண்ணே சொல்லிக்குவாங்க" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு மிச்சக்கறியும் கொழுப்புமாகக் கிண்ணத்தை நிரப்பினாள். ஒரு மணி நேரத்தில் எதிர்வீட்டிலிருந்து ஆட்டுக்கறி வந்தது, மூலைவீட்டிலிருந்து சாசேஜ் வந்தது, அவற்றுக்குப் பின்னால் போதகரும் வந்தார். "ஆர்ச்சி, மன்னிப்புக் கேட்டு ஒரு கடுதாசி போடுங்களேன்." "எதுக்குய்யா மன்னிப்பு?" "அது உங்களுக்குத்தானே தெரியும்!"

கறி சேர்ந்தது, உருளைக்கிழங்குக் கூடை காலி. ஆனால் சமையலறை ஜன்னலோரம் முட்டை அட்டைகளில் முப்பது கிழங்குகள், சுருங்கிப்போய், முளைவிட்டு உட்கார்ந்திருந்தன. உங்களைப் பற்றிய கவலையில் நெட்டா தூக்கிப்போட மறந்துவிட்டாள் போல, பாவம், என்று நினைத்தேன். வீணாக்க மனசு வரவில்லை. முளைகளைக் கிள்ளியெறிந்து, தோல் சீவி, வெங்காயமும் கொழுப்பும் மூன்று வீட்டுக் கறியும் சேர்த்துச் சட்டியில் அடுக்கி மூடினேன். மூடியைத் திறக்கக்கூடாது, கிளறக்கூடாது என்பது நெட்டாவின் சட்டம். நான் பதினோரு தடவைதான் திறந்தேன். அடியில் கொஞ்சம் பிடித்துவிட்டது. மேலே இருந்தது பிரமாதம் என்று மிசஸ் கெடிஸே சொன்னாள். சொன்னவள் ஜன்னலைப் பார்த்ததும் கரண்டியை வைத்துவிட்டாள். "அண்ணே, தினமும் பார்ப்பேனே, இங்க இருந்த விதைக்கிழங்கு எங்கே?"

ஊருக்குக் கிளம்புகிற அவசரத்திலும் ஒவ்வொரு கிழங்காக எடுத்து, முளைக்கண் மேலே பார்க்கும்படி நெட்டா அடுக்கி வைத்துவிட்டுப் போனது அது. ஏப்ரலில் தோட்டத்தில் ஊன்ற வேண்டியது. இந்த வருஷத்து விளைச்சலை ஒரே சட்டியில் வேகவைத்துத் தெருவுக்கே பரிமாறிவிட்டேன் மதினி!

மறுநாளே புது விதைக்கிழங்கு வாங்கி அதே அட்டைகளில் வைத்துவிட்டேன். அவை முளைவிட ஒரு மாதம் பிடிக்கும். ஆகவே நெட்டா அங்கேயே இருக்கட்டும். இடுப்பு சீக்கிரம் குணமாகிவிட்டாலும் தயவுசெய்து கொஞ்சம் முனகிக்கொண்டே இருங்கள். அவளிடம் இதைப் பற்றி மூச்சு விட வேண்டாம்.

உங்களுக்கு வலியில்லாத இரவுகளும், குளிர் குறைந்த காலைகளும் கிடைக்கட்டும். நெட்டாவுக்கு என் அன்பு.

என்றும் உங்களுக்குக் கட்டுப்பட்ட,
ஆர்ச்சி பெட்ரி

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்கு முன் ஒருமுறை வாசித்துப் பார்த்தேன். சமாளிக்கிறேன் என்று எழுதியிருப்பது சுத்தப் பொய். நேற்று வானொலியில் மழை வரும் என்று சொன்னவனுக்கு, "சரிப்பா, துணியை எடுத்துடறேன்" என்று பதில் சொன்னேன். நெட்டா இல்லாமல் என்னால் இந்த வீட்டில் இருக்கவே முடியவில்லை. உங்களைத் தனியாக விட்டுவிட்டு வா என்று அவளைக் கூப்பிடவும் மனசு வரவில்லை. அதனால் கீழறையில் உங்களுக்குக் கட்டில் போட்டுவிட்டேன். படி ஏற வேண்டாம். சனிக்கிழமை போதகரின் காரில் வருகிறேன், இரண்டு பேரும் தயாராக இருங்கள். நாங்கள் சமாதானமாகிவிட்டோம் என்று அவர் சந்தோஷப்பட்டுக்கொள்ளட்டும். இந்தக் கடிதத்தை நெட்டாவுக்கு முழுவதும் வாசித்துக் காட்டுங்கள், கிழங்கு வரும் இடத்தைச் சத்தமாகவே வாசியுங்கள். அவள் கோபம் தணிவதற்குள் வந்து சேர்ந்துவிடுகிறேன். அவளிடம் திட்டு வாங்கி ஆறு வாரம் ஆகிறது.